ஆசரிப்புக் கூடாரத்தின் ஊழியமும் நமது பணியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டை அடுத்து நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டுகள் நிறைவுறும்போது கணக்குப் பார்ப்பது நம் வழக்கம். கட்டிய மண்டபங்கள், வழங்கிய புலமைப்பரிசில்கள், உலகெங்கும் கிளைவிட்ட சங்கங்கள் என்று வாசிக்கப்பட்ட அறிக்கைகள் நம் மனதை நிறைத்தன. அவற்றோடு இன்னொரு பழைய கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நன்று என்று எண்ணுகிறோம். அது யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம் ஆகிய மூன்று நூல்களிலும் பரந்து கிடக்கும் கணக்கு. யோசேப்பின் கதையும் தாவீதின் கதையும் வேதபாட வகுப்பில் எல்லோருக்கும் விருப்பமானவை. திரைகளின் நீள அகலமும், பலகைகளின் தொகையும், லேவியரின் குடும்ப அட்டவணையும் வந்தால் பலர் தாள்களைப் புரட்டிவிடுவார்கள். ஆனால் ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாக ஒன்றாக நின்று ஒரு பணியைச் செய்யவேண்டுமானால், அதன் உயிர் இப்படிப்பட்ட அட்டவணைகளிலேதான் இருக்கிறது. ஒரு சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லவேண்டும். இஸ்ரவேலரின் பலிகளை நாம் மீண்டும் செலுத்துவதில்லை. கிறிஸ்து ஒரே தரம் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார், அது போதுமானது என்பதே எபிரெயர் நிருபத்தின் சாரம். ஆரோனின் குமாரருக்கு மட்டும் உரிய ஆசாரியத்துவமும் இன்று இல்லை. விசுவாசிகள் யாவரும் ஆசாரியக் கூட்டம் என்று பேதுரு எழுதுகிறார். அப்படியானால் அந்தப் பழைய ஒழுங்குகளைப் படிப்பதால் என்ன பயன்? ஆசாரியத்துவம் எல்லோருக்கும் உரியதாகிவிட்டதால், ஆசாரியரும் லேவியரும் கற்ற பாடங்களும் எல்லோருக்கும் உரியவையாகிவிட்டன. அவர்கள் செய்தவற்றை நாம் செய்யவேண்டியதில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள், எங்கே வழுவினார்கள் என்பதை அறியவேண்டும்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். கூடாரத்தில் லேவியர் செய்த வேலையை நமது திருமறை ஊழியம் என்கிறது. யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றில் இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான பொருளும் உண்டு. அந்நிய ஆட்சிக் காலத்தில் கூலியின்றி அரசுக்குச் செய்யவேண்டியிருந்த கட்டாய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். வலியவர்கள் அதிலிருந்து தப்பினார்கள், எளியவர்கள் சுமந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், எபிரேய மொழியிலும் இதே நிலைதான். ‘அவோதா’ என்ற சொல் எகிப்தில் பார்வோனுக்காகச் சுமந்த கொடிய அடிமை வேலையையும் குறிக்கும். கூடாரத்தில் ஆண்டவருக்குச் செய்த ஆராதனைப் பணியையும் குறிக்கும். செங்கல் அறுத்த அதே கைகள்தான் பின்னர் கூடாரத்தின் திரைகளைத் தூக்கின. சொல் ஒன்று, உழைப்பும் ஒன்று. வேறுபட்டது எஜமானும், வேலை பகிரப்பட்ட முறையும். எகிப்தில் கட்டாயம் இருந்தது, ஓய்வு இருக்கவில்லை. வனாந்தரத்தில் மனமுவந்த காணிக்கை இருந்தது, ஏழாம் நாள் ஓய்வு இருந்தது. கூடார வேலைக்கான கட்டளைகளை அறிவிக்குமுன் மோசே ஓய்வுநாளைப் பற்றியே முதலில் பேசினார். ஆண்டவருக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒருவரை ஓயவிடாமல் வேலை வாங்கினால், நாம் ஊழியத்தை எகிப்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம். சபையிலும் சங்கத்திலும் எப்போதும் ஒரே இரண்டு மூன்று பேருடைய தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டு, அவர்களுடைய அர்ப்பணிப்பைப் புகழ்ந்து பேசும் பழக்கத்தை இந்த வெளிச்சத்தில் நாம் பார்க்கவேண்டும்.

அடுத்து, கூடாரத்தின் அத்திவாரத்தைப் பார்ப்போம். மணலில் நிற்கும் கூடாரத்துக்கு அத்திவாரம் ஏது என்று கேட்கலாம். சீத்திம் மரப் பலகைகள் 48, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வெள்ளிப் பாதங்கள், அவை 96. திரைச்சீலையைத் தாங்கிய நான்கு தூண்களுக்கு நான்கு பாதங்கள். ஆக 100 பாதங்கள், பாதம் ஒன்றுக்கு ஒரு தாலந்து வெள்ளி. இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? இருபது வயதும் அதற்கு மேலுமாக எண்ணப்பட்ட 603,550 ஆண்கள் தலைக்கு அரைச்சேக்கல் செலுத்தினார்கள். ஐசுவரியவான் அதற்குமேல் கொடுக்கக்கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக்கூடாது என்பது கட்டளை. வந்த தொகை 100 தாலந்தும் 1,775 சேக்கலும். நூறு தாலந்து பாதங்களாயிற்று, மீதி கொக்கிகளும் தூண்களின் பூண்களுமாயிற்று.

பொன்னும் இரத்தினமும் அவரவர் மனவிருப்பப்படி வந்தவை. அவற்றில் பெரிய கொடையாளரும் இருந்திருப்பர், சிறிய கொடையாளரும் இருந்திருப்பர். ஆனால் எல்லாவற்றையும் தாங்கி நின்ற பாதங்களில் யாருடைய பங்கும் பெரிதல்ல, யாருடைய பங்கும் சிறிதல்ல. பரிசுத்த ஸ்தலத்தின் பாரம் முழுவதும் சமமான சிறு நாணயங்களின்மேல் நின்றது.

இது நமது மண்ணுக்கு மிகவும் வேண்டிய பாடம். ஒரே வாங்கில் இருந்து படிப்பதற்கும் ஒரே பந்தியில் இருந்து உண்பதற்கும் நமது பிரதேசத்துப் பாடசாலைகளில் ஒரு காலத்தில் பிள்ளைகள் போராடவேண்டியிருந்தது. கிறிஸ்தவ விடுதிகளுங்கூட அந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. இன்று வாங்கு பொதுவாகிவிட்டது. ஆனால் யாருடைய பெயர் கல்லில் வெட்டப்படுகிறது, யார் முன் வரிசையில் அமர்கிறார், யாருடைய ஆலோசனை கேட்கப்படுகிறது என்பதில் பழைய அளவுகோல் வேறு உருவத்தில் வந்துவிடலாம். வெளிநாட்டு நாணயத்தில் அனுப்பப்படும் ஆயிரமும், ஊரில் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் சந்தாவும் நமது அறிக்கையில் வேறு வேறு பக்கங்களில் இருக்கலாம். அத்திவாரத்தில் அவை ஒன்றாகவே இருக்கவேண்டும்.

அரைச்சேக்கல் கணக்கில் ஆண்கள் மட்டுமே எண்ணப்பட்டார்கள் என்பதை இங்குள்ள பெண்கள் யாவரும் கவனித்திருப்பீர்கள். அந்தக் கணக்குக்கு வெளியே பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஞான இருதயமுள்ள பெண்கள் தங்கள் கைகளினால் இளநீல நூலும் இரத்தாம்பர நூலும் சிவப்பு நூலும் மெல்லிய பஞ்சுநூலும் நூற்றுக் கொண்டுவந்தார்கள். வேறு சிலர் ஆட்டுமயிரைத் திரித்தார்கள். கூடாரத்தின் திரைகள் அத்தனையும் அந்த நூலில்தான் நெய்யப்பட்டன. பெசலெயேல், அகோலியாப் என்னும் தலைமைக் கைவினைஞரின் பெயர்கள் நமக்குத் தெரியும். நூல் நூற்றவர்களின் பெயர்கள் தெரியா. ஆனால் நூலில்லாமல் பெசலெயேல் எதை நெய்வித்திருப்பார்? காணிக்கையோ அளவுக்கு மிஞ்சி வந்து குவிந்தது. இனிமேல் ஒன்றும் கொண்டுவரவேண்டாம் என்று பாளயமெங்கும் கூறுவிக்கவேண்டியதாயிற்று. நிதிசேகரிப்புக் குழுவில் இருந்தவர்கள் பொறாமைப்படத்தக்க நிலைமை அது! ஆனால் அங்கே ஒரு நேர்மையும் இருக்கிறது. தேவைக்கு மேல் வந்தபோது, வந்தது வரட்டும் என்று மோசே வாங்கி வைக்கவில்லை. வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று அறிந்திருந்ததால், போதும் என்று சொல்லவும் அவரால் முடிந்தது.

பெண்களின் காணிக்கைகளில் ஒன்றை வேதம் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. கூடார வாசலில் சேவை செய்த பெண்கள் தங்கள் தர்ப்பணங்களைக் கொடுத்தார்கள். அக்காலத்து முகம்பார்க்கும் கண்ணாடி, மினுக்கிய வெண்கலத் தகடு. அவற்றிலிருந்தே ஆசாரியர் கைகால் கழுவும் வெண்கலத் தொட்டி செய்யப்பட்டது. கழுவாமல் எந்த ஆசாரியனும் உள்ளே பிரவேசிக்க முடியாது, மீறினால் மரணம் என்பது கட்டளை. அதாவது, பிரதான ஆசாரியனாகிய ஆரோனே பெண்களின் காணிக்கையைக் கடக்காமல் ஆராதனைக்குப் போகமுடியாது. இன்னுமொன்று: அந்தப் பெண்களின் சேவைக்கு எபிரேய மூலம் பயன்படுத்தும் சொல், அணிவகுத்துச் செய்யும் படைச்சேவையைக் குறிப்பது. லேவியரின் கடமைக்கும் எண்ணாகமம் அதே சொல்லையே வழங்குகிறது. வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க நின்றவர்களல்லர். முறைவைத்துப் பணி செய்தவர்கள். அந்தப் பெண்களிடம் சற்று நேரத்தில் மீண்டும் வருவோம்.

இனி லேவியரைப் பார்ப்போம். கோகாத்தியர், கெர்சோனியர், மெராரியர் என்று மூன்று வம்சங்கள். முப்பது வயது முதல் ஐம்பது வயது வரை வேலைக்கு உரியவர்கள் மொத்தம் 8,580 பேர். கோகாத்தியருக்குப் பெட்டியும் மேசையும் குத்துவிளக்கும் பீடங்களும். கெர்சோனியருக்குத் திரைகளும் மூடுசீலைகளும். மெராரியருக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள். இந்தக் கடைசிப் பட்டியலில்தான் ஒரு விசேடமான கட்டளை வருகிறது: மெராரியர் சுமக்கவேண்டிய பொருட்களைப் பெயர் பெயராக எண்ணி ஒப்புவிக்கவேண்டும். காரணம் எளிது. உடன்படிக்கைப் பெட்டியை யாரும் வழியில் மறந்துவிட்டுப் போகமாட்டார்கள். ஒரு முளையை மறந்துவிடலாம். அடுத்த பாளயத்தில் காற்று வீசும் இரவில்தான் அந்த முளை இல்லாதது தெரியவரும்.

எந்த நிறுவனத்திலும் முளைகள் உண்டு. முகவரிப் பட்டியலைத் திருத்துகிறவர், பற்றுச்சீட்டு எழுதுகிறவர், கூட்டம் முடிந்தபின் கதிரைகளை அடுக்குகிறவர், சுகவீனமாயிருக்கும் பழைய ஆசிரியையைப் போய்ப் பார்க்கிறவர் எல்லோரும் மெராரியரே. இவர்களுடைய வேலையை “யாராவது செய்வார்கள்” என்று விடாமல், இன்ன வேலை இன்னாருக்கு என்று பெயர்சொல்லி ஒப்புவித்து, பெயர்சொல்லி நன்றியும் கூறுவது பரிசுத்த ஒழுங்கின் ஒரு பகுதி.

சுமைக்கு ஏற்ற உதவியும் கொடுக்கப்பட்டது. கோத்திரத் தலைவர்கள் ஆறு வண்டில்களையும் பன்னிரண்டு மாடுகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். மோசே அவற்றைச் சமமாகப் பிரிக்கவில்லை. கெர்சோனியருக்கு இரண்டு வண்டில், நான்கு மாடு. பலகையும் வெள்ளிப் பாதமும் சுமந்த மெராரியருக்கு நான்கு வண்டில், எட்டு மாடு. கோகாத்தியருக்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய சுமை தோளில்தான் சுமக்கப்படவேண்டும். பாரம் கூடியவனுக்கு உதவி கூடுதல் என்பது நியாயம். சில பாரங்களை வண்டிலில் ஏற்றவே கூடாது என்பதும் நியாயம்.

இந்த இரண்டாவது பாடத்தை இஸ்ரவேல் பின்னொரு நாளில் பெருந்துயரத்தோடு கற்றது. தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர விரும்பினார். புது வண்டில், பெருந்திரள் மக்கள், சகலவித வாத்தியங்கள். மாடுகள் மிரண்டன, ஊசா கைநீட்டிப் பிடித்தான், அங்கேயே இறந்தான். அந்த மரணம் நமக்கு இன்றும் கடினமான பகுதி. அதை இலகுவாக விளக்கிவிட நாம் முயலவேண்டாம். ஆனால் அந்தப் புது வண்டில் யோசனை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்கலாம். முன்னர் பெலிஸ்தர் பெட்டியைத் திருப்பி அனுப்பியபோது புது வண்டிலில்தான் ஏற்றினார்கள். அதையே தாவீதும் செய்தார். மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறை அவர் லேவியரை அழைத்தார். அவர்கள் பெட்டியைத் தண்டுகளினால் தோளிலே சுமந்து வந்தார்கள்.

நமக்கும் வண்டில்கள் வேண்டும். வங்கிக் கணக்கு, இணையவழிக் கூட்டம், கட்டட ஒப்பந்தம் ஆகியவை நல்ல வண்டில்கள். பலகையையும் பாதத்தையும் அவற்றில் ஏற்றலாம். ஆனால் பிள்ளைகளின் மனம், அவர்களுடைய விசுவாசம், தாய் தந்தையரில்லாத பிள்ளை ஒருத்திக்கு வேண்டிய ஆறுதல், இளம் ஆசிரியைக்கு வேண்டிய துணை ஆகியவை தோளில் சுமக்கவேண்டியவை. அவற்றைப் பணத்தில் ஏற்றி அனுப்பிவிட முடியாது. ரொறன்ரோவில் இருப்பவர் எப்படித் தோள் கொடுப்பார் என்று கேட்கலாம். ஒரு பிள்ளையின் பெயரை அறிந்து, அவளுக்குக் கடிதம் எழுதி, அவள் பரீட்சைக்குப் போகும் நாளை நினைவில் வைத்து ஜெபிப்பவர் தோள் கொடுக்கிறார். அவருக்குத் தூரம் தடையல்ல.

எந்தப் பணி மேலானது என்ற கேள்வி அந்தப் பாளயத்திலும் எழுந்தது. கோராகு கோகாத்தியன், மிகப் பரிசுத்தமானவற்றைச் சுமந்த வம்சத்தான். ஆசாரியத்துவமும் வேண்டும் என்று அவன் கலகம் செய்தான், அழிந்தான். சபை முழுவதும் பரிசுத்தம் என்று அவன் சொன்ன வாதத்தில் ஒரு பாதி உண்மை. ஆனால் அவன் தேடியது சபையின் மேன்மையை அல்ல, தன் மேன்மையை. கதை அங்கே முடியவில்லை. கோராகின் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் பின்னர் ஒரு வரியில் குறிப்பிடுகிறது. அவர்களுடைய சந்ததியார் ஆலயத்தின் வாசல் காவலரானார்கள், பாடகருமானார்கள். பதினொரு சங்கீதங்களின் தலைப்பில் அவர்களுடைய பெயர் இருக்கிறது. 84ஆம் சங்கீதம் அவற்றில் ஒன்று. ஆண்டவரின் ஆலய வாசலில் நிற்பதே தங்களுக்குப் போதுமான மேன்மை என்று அதில் அவர்கள் களிகூருகிறார்கள். உள்ளே இடம் கேட்டு அழிந்தவனின் பேரப்பிள்ளைகள், வாசற்படியில் மகிழ்ச்சி கண்டார்கள். குடும்பத்தின் குற்றம் பிள்ளையின் தலைவிதியல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

தாழ்ந்த வேலை என்று நாம் நினைப்பவற்றையும் அந்த ஒழுங்கு உயர்த்தியது. பலிபீடத்தின் சாம்பலை ஒவ்வொரு காலையும் அகற்றவேண்டும். அதைச் செய்தவன் கூலியாள் அல்லன், சணல்நூல் அங்கி தரித்த ஆசாரியன். பின்னர் உடைமாற்றி, சாம்பலைப் பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோவான். எருசலேம் ஆலயத்தின் பிற்காலத்தில் இந்தச் சாம்பல் வாரும் பணிக்காகவே ஆசாரியர் பலிபீடச் சாய்தளத்தில் ஓட்டப்போட்டி வைத்தார்கள் என்றும், ஒருவர் விழுந்து கால் முறிந்ததால் சீட்டுப்போடும் முறை வந்தது என்றும் யூதரின் மிஷ்னா கூறுகிறது. தூபங்காட்டும் பணிக்கு, முன்னர் அதைச் செய்யாதவர்களையே சீட்டுப்போட அழைப்பார்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. யோவான் ஸ்நானகனின் தந்தையாகிய சகரியா அப்படிச் சீட்டு விழுந்தே தூபங்காட்டப் போனார். புதியவர்களுக்கு முதலிடம் கொடுக்கும் இந்த வழக்கம் நமது நிர்வாகசபைத் தெரிவுகளிலும் பயன்படுமோ என்று சிந்திக்கலாம்.

இப்போது, வாசலில் சேவை செய்த பெண்களிடம் திரும்பி வருவோம். வேதத்தில் அவர்கள் இன்னும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வருகிறார்கள். அது சீலோவில், முதிய ஏலி ஆசாரியனாயிருந்த காலம். அவருடைய குமாரர் ஓப்னியும் பினெகாசும் காணிக்கையில் கொழுத்ததைப் பலவந்தமாய் எடுத்தார்கள்; வாசலில் சேவை செய்த பெண்களோடு தகாதவிதமாய் நடந்தார்கள். யாருடைய தர்ப்பணங்களால் ஆசாரியர் தங்கள் கைகளைக் கழுவினார்களோ, அதே வாசலில் சேவை செய்த பெண்களை ஆசாரியரே தீட்டுப்படுத்தினார்கள். ஊரெல்லாம் தெரியும். ஏலிக்கும் தெரியும். ஏலி கெட்டவரல்லர். பிள்ளைகளைக் கண்டித்துப் பேசினார். ஆனால் தடுக்கவில்லை. பணியிலிருந்து விலக்கவில்லை. குமாரரை ஆண்டவரிலும் அதிகமாக மதித்தார் என்பதே அவர்மீது வந்த தீர்ப்பு.

சகோதரிகளே, இது அலங்கார உரைக்கு ஏற்ற பகுதியல்ல. ஆனால் பெண்பிள்ளைகளை ஒப்புக்கொண்ட எந்தச் சபையும் எந்தப் பாடசாலையும் இதைத் தாண்டிப் போகக்கூடாது. நல்ல பெயர் கெட்டுவிடும், குடும்பம் கெட்டுவிடும், பெரியவர், நன்கொடையாளர், போதகர் என்று சொல்லிக் காரியங்களை மூடிவிடும் வழக்கம் நமது சமுதாயத்தில் நீண்டகாலம் இருந்துவருகிறது. மூடப்பட்ட ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பிள்ளை இருக்கிறாள். சீலோவில் ஆண்டவர் தம் வார்த்தையைப் பெரியவரிடம் சொல்லவில்லை. இரவில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலிடம் சொன்னார். காலையில் அவன் ஆலயக் கதவுகளைத் திறந்தான், ஆனால் வாய் திறக்கப் பயந்தான். ஏலி தம் வாழ்வில் செய்த சிறந்த காரியங்களில் ஒன்றை அப்போது செய்தார்: ஒன்றையும் மறைக்காதே என்று பிள்ளையைக் கேட்டார், தமக்கு எதிரான உண்மையைக் கோபமின்றிக் கேட்டுக்கொண்டார். பிள்ளை பேசப் பயப்படும்போது, பயப்படாமல் பேச இடம் கொடுப்பது பெரியவர்களின் ஊழியம். சீலோவின் அழிவைப் பின்னொரு நாளில் எரேமியா எருசலேமுக்கு எச்சரிக்கையாகக் காட்டினார். ஆலயம் நமக்கு இருக்கிறது என்ற நம்பிக்கை, அந்நியனையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்குகிற சமுதாயத்தைக் காப்பாற்றாது என்றார். நூறு ஆண்டுப் பெயரும் காப்பாற்றாது. பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பதே அந்தப் பெயருக்கு அர்த்தம் கொடுக்கும்.

பணிசெய்கிறவர்களின் சீவியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேவியருக்குக் காணியாட்சி கிடையாது. மக்களின் தசமபாகமே அவர்களுக்குச் சீவனம். அவர்களும் தங்களுக்குக் கிடைத்ததில் பத்தில் ஒன்றைக் கொடுக்கவேண்டும். நெகேமியா சிலகாலம் இல்லாதிருந்து எருசலேமுக்குத் திரும்பியபோது, லேவியரும் பாடகரும் தத்தம் வயல்களுக்குப் போய்விட்டதைக் கண்டார். அவர் அவர்களுடைய பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கிக்கவில்லை. அவர்களுக்குரிய பங்கைக் கொடுக்காத தலைவர்களையே கடிந்துகொண்டார். பின்னர் பண்டசாலைக்கு நம்பிக்கையானவர்களை நியமித்தார். தொண்டர் ஆசிரியர், விடுதிப் பொறுப்பாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் தியாகத்தை மேடையில் புகழ்வது எளிது. அவர்களுக்குரியதை உரிய நாளில் கொடுப்பதே நெகேமியாவின் வழி.

இங்கே ஐம்பதைத் தாண்டியவர்கள் அநேகர் இருக்கிறோம். நமக்காகவே எழுதப்பட்டதுபோல ஒரு கட்டளை எண்ணாகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் உண்டு. ஐம்பது வயதில் லேவியன் பாரவேலையிலிருந்து விலகவேண்டும். ஆனால் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. கூடாரத்தில் தன் சகோதரரோடு காவல் காத்து, அவர்களுக்குத் துணைசெய்வான். இதில் இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, விலகு. தண்டைப் பிடித்த கை தளராதிருந்தாலும் இளையவனுடைய தோளுக்கு இடம் கொடு. மற்றது, அருகில் இரு. அனுபவம் வீணாகாதபடி காவலாயிரு. விலகாத மூத்தவரும் தடை, விலகியபின் திரும்பிப் பாராத மூத்தவரும் நட்டம்.

பணியின் வடிவம் மாறலாம் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பெட்டி எருசலேமில் தங்கியபின், கூடாரத்தைச் சுமக்கும் வேலை லேவியருக்கு இல்லாமற் போயிற்று. சுமப்பதற்கென்றே பிரிக்கப்பட்டவர்கள் இனி எதற்கு என்று தாவீது கேட்கவில்லை. 4,000 பேரைப் பாடகராகவும், 4,000 பேரை வாசல் காவலராகவும் ஏற்படுத்தினார். வேலைக்குச் சேரும் வயதும் இருபதாகக் குறைந்தது. நமது பகுதியிலும் எத்தனை பாடசாலைகள் கையளிக்கப்பட்டு, கூரையிழந்து, இடம்பெயர்ந்து, மரத்தடியில் வகுப்பு நடத்தி மீண்டன! 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்கள் கையில் எடுத்துச் சென்றவை மிகக் கொஞ்சம். ஆலயக் கட்டடங்கள் பின்னே நின்றன, வழிபாடு உடன் சென்றது. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய கூடாரத்தைக் கடவுள் முதலில் கேட்டதன் பொருள் நடந்து வந்தவர்களுக்கு விளங்கும்.

கடைசியாக, ஆரோனின் உடையைப் பாருங்கள். அவனுடைய இரு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர்கள். மார்பிலே பன்னிரண்டு கற்கள். கல்லுக்கு ஒரு பெயர். அவன் தனக்காக மட்டும் உள்ளே போவதில்லை. பெரிய யூதாவும் சிறிய பென்யமீனும் அவனோடு போகிறார்கள். தோள் உழைப்பின் இடம், நெஞ்சு அன்பின் இடம். பெயர்கள் இரண்டிலும் இருந்தன. அன்பில்லாத உழைப்பு எகிப்தின் ஊழியமாகிவிடும். உழைப்பில்லாத அன்பு ஒருவருடைய பாரத்தையும் குறைக்காது.

நமது பிரதான ஆசாரியராகிய கிறிஸ்து நம்முடைய பெயர்களை அவ்வாறே சுமக்கிறார் என்று விசுவாசிக்கிறோம். அப்படியானால் நமது சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டை வெறும் முகவரிப் புத்தகமாக வைத்திருக்க முடியாது. அதிலே வசதியோடிருப்பவரும் உண்டு, முதியோர் இல்லத்தில் தனித்திருப்பவரும் உண்டு, தொடர்பு அறுந்துபோனவரும் உண்டு. அடுத்த நூற்றாண்டுக்கான முதல் வேலையாக, ஒவ்வொருவரும் அதில் ஒரு பெயரையாவது பெற்றுக்கொண்டு, தோளிலும் நெஞ்சிலும் சுமப்போமாக. முளையும் பெட்டியும் ஒரே பயணத்தில் செல்கின்றன. அந்தப் பயணத்தை ஆண்டவர் நமக்கு முன்னே நடத்துவாராக. ஆமென்.